இரண்டு பொல்லும் என் இடது முழங்காலும்

முதலில் இந்தப் பொல்லுகளின், அதாவது ஊன்றுதடிகளின், விலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் எதைக் கையில் பிடித்துக்கொண்டு போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சோடி 30 யூரோ. பிரான்சின் தெற்கே, மொன்பெலியே நகரத்தில் இருக்கும் என் மகன் வாங்கித் தந்தது. மலை நடக்கிறவர்கள் இரண்டு கையிலும் ஊன்றிக்கொண்டு போகும் அலுமினியப் பொல்லு. மூன்று குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். முழுவதும் சுருக்கினால் 65 சென்ரிமீற்றர். குசினித் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்று 255 கிராம். ஒரு வருடமும் நான்கு மாதமும் பாவித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவள் அல்ல நான்.

31 வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தேன். எந்த மலைத்தொடர் எப்படி உருவானது என்று கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன்; ஏறிப் பார்த்தது கிடையாது. கடல் மட்டத்தில் பிறந்து, கடல் மட்டத்திலேயே பென்சன் எடுத்தவள். இப்போது 62 வயது. இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறுவதைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொன்னார். எங்கள் வீட்டில் மாடியே இல்லை. எதைக் குறைப்பது?

இந்த நிலைமையில்தான் போன முதல் வருடம் ஒக்டோபரில் மகனைப் பார்க்கப் போனேன். அவன் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறான், திங்கட்கிழமை லீவு. போன இரண்டாவது திங்கள், "அம்மா, ஒரு சின்ன மலைக்குப் போவோமா?" என்றான். பிக் சேன் லூ என்பது அதன் பெயர், உயரம் 658 மீற்றர். அந்த நாட்டில் அது சின்ன மலையாக இருக்கலாம். எனக்கு மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரமே உயரம்.

போகும் வழியில் கடையில் நிறுத்திப் பொல்லு வாங்கினான். எனக்குக் கோபம். கிழவி ஆக்கிவிட்டான் என்று. அதுவும் ஒன்று போதாதென்று இரண்டு. கடைக்காரப் பெண் என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கை சரியாக மடங்கி முன்கை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்வரை பொல்லை நீட்டினாள். ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு 105 சென்ரிமீற்றர் வந்தது. பிறகு கைப்பட்டியைப் போடும் விதத்தைக் காட்டினாள். அதை இங்கே விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் பிழையாகவே பிடிக்கிறார்கள். வளையல் போடுவதுபோல் மேலிருந்து கையை நுழைக்கக் கூடாது. கீழேயிருந்து மேலாகக் கையை விட்டு, பட்டியையும் பிடியையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்க வேண்டும். அப்போது உடம்புப் பாரம் மணிக்கட்டால் பட்டியில் இறங்கும். விரல்கள் சும்மா வழிகாட்டினால் போதும். இறுக்கிப் பிடித்தால் அரை மணித்தியாலத்தில் விரல் மரத்துவிடும்.

மொன்பெலியேயிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர். கஸ்வியெய் என்ற சின்ன ஊரில் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டும். வழியெல்லாம் திராட்சைத் தோட்டம். நான் கண்ட திராட்சை யாழ்ப்பாணத்துப் பந்தலில் தலைக்கு மேலே தொங்குவது. இங்கே இடுப்பளவுச் செடி, வரிசை வரிசையாக, பரீட்சை மண்டபத்து மேசைகள் போல. பறிப்பு முடிந்திருந்தது, இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. சிரா, கிரெனாஷ், மூர்வெத்ர் என்று மூன்று இனம் முக்கியமாம். இந்த மலையின் பெயரிலேயே வைன் போத்தலில் போடும் தனி உரிமை 2017இல் கிடைத்திருக்கிறது. திரும்பும்போது ஒரு தோட்டத்தில் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். நான் குடித்தேனா என்று யாரும் கேட்க வேண்டாம். கோயில் திருவிழாக் குழுவில் இருக்கிறேன்.

ஏற்றம் பெரிய காரியமில்லை. கருவாலி மரங்களின் நிழலில் வளைந்து வளைந்து போகிறது. இரு பக்கமும் தைமும் ரோஸ்மேரியும் காடாக முளைத்துக் கிடக்கின்றன. பொல்லு பட்டாலே மணக்கிறது. மகன் உணவகத்தில் கிள்ளிக் கிள்ளிப் போடுகிற சாமான், இங்கே ஆடு மேயக் கிடக்கிறது. வறண்ட கோடை, குளிர்ந்த மாதங்களில் மழை, முள்ளும் பற்றையும், கல் தெரியும் மண். ஏட்டிலே மத்தியதரைக் காலநிலை என்று ஒரு பக்கம், கிழக்கு மாகாணத்து வடகீழ்ப் பருவமழை என்று வேறொரு பக்கம் படிப்பித்தேன். ஆனால் எங்களுக்கும் மே முதல் செப்டெம்பர் வரை வறட்சிதான், மழை வருவது வருடக் கடைசியில்தான். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிப்பித்திருக்கலாம்.

பாதை அடையாளம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மரத்திலோ கல்லிலோ மஞ்சள் கோடு இருந்தால் சரியான வழி. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே. வெள்ளையும் சிவப்புமாக இரட்டைக் கோடு என்றால் நெடுந்தூரப் பாதை. 1:25,000 வரைபடம் கடையில் விற்கிறார்கள். சமவுயரக் கோடுகளைப் பார்த்து, "இன்னும் நூறு மீற்றர் செங்குத்து" என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டே ஏறினேன். நான் ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் வரைபடத்தை வைத்து எத்தனை தலைமுறைக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன், நடந்துகொண்டே வாசித்தது இதுதான் முதல் தடவை. வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் அடையாளம் என்றால் மாட்டுக்காரர்தான். "கிட்டத்தான் பிள்ளை" என்பார். அந்தக் கிட்டத்துக்கு அளவுத்திட்டம் எந்த வரைபடத்திலும் இல்லை.

உச்சியில் ஒரு சிறு தேவாலயமும் சிலுவையும் இருக்கின்றன. தெற்குப் பக்கம் நாங்கள் ஏறி வந்த சரிவு, அதற்கப்பால் மத்தியதரைக் கடல். வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும், அப்படியே வெட்டி விட்டதுபோல் செங்குத்து. எதிரே ஓர்துஸ் என்ற நீண்ட பாறைச் சுவர், இரண்டுக்கும் நடுவே பள்ளத்தாக்கு நிறையத் திராட்சை. நாங்கள் நின்றது யூராசிக் காலச் சுண்ணக்கல், எதிரே இருப்பது அதற்குப் பிந்திய கிரேத்தேசியச் சுண்ணக்கல். பிரனீசு மலை எழுந்தபோது நெருக்குண்டு மடிந்து நிமிர்ந்தவை. மகனுக்கு இதையெல்லாம் விளக்கினேன். அவன் எனக்கு மலையின் கதையைச் சொன்னான்: மூன்று சகோதரர்கள் ஒரு பெண்ணை விரும்பினார்களாம். யாரைத் தெரிவு செய்வது என்று அவள் சொல்வதற்குள் சிலுவைப் போருக்குப் போய்விட்டார்களாம். திரும்பி வந்தால் அவள் இறந்துவிட்டாள். ஆளுக்கொரு மலையில் துறவியாகிவிட்டார்கள். இது லூ என்பவனுடைய மலை. மூன்று பேரும் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

இதுவரை பொல்லைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. ஏறும்போது அது பாரம்தான். கையைக் காலை எங்கே வைப்பது என்று யோசித்தே களைத்துவிட்டேன். இரண்டு தடவை என் காலையே நான் குத்திக்கொண்டேன்.

இறங்கத் தொடங்கியபோதுதான் காரியம் விளங்கியது. அந்தப் பாதைக் கல், எத்தனையோ பேரின் சப்பாத்துப் பட்டு, சவர்க்காரம் பூசிய ஆட்டுக்கல் போல் வழுவழுத்துக் கிடக்கிறது. என் இடது முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். ஏறுவதைத் தாங்கிக்கொள்ளும், ஒவ்வொரு இறங்கு படியிலும் உள்ளே ஒரு ஊசி ஏறும். மகன் பொல்லை ஏழெட்டு சென்ரிமீற்றர் நீட்டிவிட்டான். "காலுக்கு முன்னால் பொல்லு இறங்க வேண்டும் அம்மா. முதலில் இரண்டு பொல்லு, பிறகு கால்." பொல்லின் நுனியில் பட்டாணி அளவில் ஒரு உலோக முனை, தங்குதன் காபைட்டு, கிண்ணம் போல் நடுவில் குழிந்து விளிம்பு கூராக இருக்கும். அது சுண்ணக்கல்லில் 'டிக்' என்று கடித்துக்கொண்டு நிற்கிறது. பாரத்தை அதில் சாய்த்துவிட்டுக் காலைப் பிறகு வைத்தேன். ஊசி ஏறவில்லை. அடுத்த படி. ஏறவில்லை. கீழே வந்து சேரும்வரை பத்துப் பன்னிரண்டு தடவைதான் வலித்தது. எண்ணிக்கொண்டு வந்தேன். உலக்கை பிடித்தவள் போல் இரண்டு தோளும் வலித்தன, அது வேறு. அன்றிரவு தைலம் தேய்க்காமல் படுத்தேன்.

அடுத்த திங்கள் செத் என்ற துறைமுக ஊருக்கு ரயிலில் போனோம். அங்கே மோன் சேன் கிளேர், 200 மீற்றர்கூட இல்லாத குன்று. ஒரு வழக்குப்படி அந்த மூன்று சகோதரர்களில் ஒருவனுடையது. வீடுகளுக்கு நடுவே தார் வீதியும் படிகளுமாக ஏறுகிறது. இங்கே உலோக முனை சறுக்கும், சத்தமும் போடும். ரப்பர்த் தொப்பியை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு கச்சிதமாகப் பிடித்தது. ஆனால் நான் பொல்லை மறந்த இடம் இதுதான். உச்சியில் நின்றால் ஒரு கை கடல், மறு கை களப்பு, நடுவே நூல்போல் மணல் திட்டு. தோ களப்பு என்று பெயர், 21 கிலோமீற்றர் நீளம். சிப்பி வளர்க்கும் தட்டுகள் தண்ணீரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. எங்கள் மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர். அதில் பாதிகூட இல்லை இது. ஆனாலும் எங்கள் வாவியை இப்படி மேலே நின்று ஒரு நாளும் பார்த்ததில்லையே என்று தொண்டை அடைத்தது. எங்களுக்குக் கரையில் ஒரு குன்று இல்லை. கல்லடிப் பாலத்தில் நின்று பார்ப்பதுதான்.

இனி ஊர்க் கதை. விமானத்தில் பொல்லைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பயணப் பெட்டிக்குள் போட வேண்டும். 65 சென்ரிமீற்றர் எல்லாப் பெட்டிக்கும் அடங்காது, குறுக்காக வைத்தேன். வீட்டில் பிரித்ததும் என் கணவர் கேட்டார்: "மாடு சாய்க்கப் போகிறாயா?"

முதலில் தாந்தாமலைக்குப் போனேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரை எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் வாவியைக் கடப்போம். கோயில் மலை, சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். பொல்லும் சப்பாத்துச் சாதியா, கைத்தடிச் சாதியா என்று எனக்கே சந்தேகம். வம்பு வேண்டாம் என்று கீழே ஒரு மரத்தில் சாத்திவிட்டு வெறுங்கையோடு ஏறி, இறங்கும்போது பாதி தூரம் இருந்து இருந்து இறங்கினேன். கீழே வந்தால் பொல்லைக் காணவில்லை. நாலைந்து பையன்கள் அதை மண்ணில் குத்தி விக்கெட் ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து பட்டும் வளையவில்லை, அதைத் தரச் சோதனை என்று குறித்துக்கொள்ளலாம். திருப்பித் தரும்போது ஒருவன், "மூன்றாவது இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். என்னை டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

அடுத்து ஓகஸ்ட் மாதம், பொத்துவில் பஸ்ஸில் அறுகம்குடா. எலிபன்ட் றொக் பாறைக்குக் கடற்கரை மணலில் நடந்து போக வேண்டும். மணலில் பொல்லு ஒரு சாண் புதைகிறது, ஊன்ற முடியாது. பெட்டியோடு இரண்டு பெரிய பிளாஸ்டிக் தட்டும் வந்திருந்தன, பனியில் புதையாமல் இருக்க நுனிக்கு மேல் மாட்டுவது. மட்டக்களப்பில் பனி பெய்யும் நாளுக்கு இருக்கட்டும் என்று பகிடியாக எடுத்து வைத்திருந்தேன். அதை மாட்டினேன். பனிக்குச் செய்த தட்டு எங்கள் மணலில் அருமையாக வேலை செய்கிறது! இதை அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு எழுதி அனுப்ப வேண்டும். பாறை சிறியதுதான், ஏறினால் ஒரு பக்கம் கடல் அலை, மறு பக்கம் முதலை கிடக்கும் களப்பு. செத் ஊர்க் குன்றின் உயரத்துக்குக் கிட்டவும் வராது. நான் இறங்க மனமில்லாமல் இருந்தேன், யானை வரும் நேரம் என்று ஓட்டோக்காரத் தம்பிதான் கூப்பிட்டுக் கொண்டு போனார்.

மறுநாள் விடிய உகந்தை முருகன் கோயில் மலை. எட்டு மணிக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும், பிறகு பாறை தோசைக்கல். இந்தத் தடவை கோயிலில் கேட்டேன். "வயதானவர்கள் தடி கொண்டு போகலாம் அம்மா" என்றார்கள். வயதானவர் என்ற சொல்லை விழுங்கிக்கொண்டேன். ரப்பர்த் தொப்பி மாட்டிக்கொண்டுதான் ஏறினேன். உலோக முனை கல்லில் வெள்ளைக் கீறல் போடும், பிக் சேன் லூவில் பாதை முழுக்க அந்தக் கீறல்தான். இங்கே இருப்பது 100 கோடி வருடத்து நைசு என்ற உருமாறிய பாறை, அதில் சுனைகள், உச்சியில் வள்ளியம்மன். அங்கே போய் என் கையெழுத்தை வைக்க வேண்டுமா? காய்ந்த நைசு சொரசொரப்பாக இருப்பதால் ரப்பரே போதும். சுனையோரம் பாசி பிடித்த இடத்தில் மட்டும் வழுக்கியது.

இனிக் குறைகள். பெரிய குறை பூட்டு. குழாயைத் திருகினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் முளை விரிந்து சுவரை இறுக்கிப் பிடிக்கும், அதுதான் பூட்டு. வியர்த்த கையால் திருகினால் இறுக்கம் போதாது. உகந்தையில் இறங்கும்போது வலது பொல்லு திடீரென்று நாலு விரற்கடை உள்ளே போய்விட்டது. விழவில்லை, வள்ளி காப்பாற்றினாள். வெளியே நெம்புபிடி வைத்த பூட்டும் கடையில் இருந்தது, பத்து யூரோ கூட. மகன் அதை வாங்கப் போனபோது வேண்டாம் என்று தடுத்தவள் நான்தான்.

கடற்கரையிலிருந்து வந்து கழுவாமல் மூலையில் சாத்தியதும் என் பிழை. ஒரு வாரத்தில் உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து, குழாயில் வெள்ளை மா பூத்து, இரண்டும் ஒட்டிக்கொண்டன. இவர் உதவி செய்வதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டார். கழன்றது, உண்மை. அதன் பிறகு எவ்வளவு திருகினாலும் பிடிக்கவில்லை. எண்ணெய் பட்ட முளை எப்படிப் பிடிக்கும்? மூன்று துண்டையும் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்து, ஒரு நாள் நிழலில் காயவிட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. இப்போது ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றிக் காயவைக்கிறேன். வைக்கும்போது பூட்டுவதில்லை.

ரப்பர்த் தொப்பி இரண்டாவது குறை. சும்மா அழுத்தி மாட்டுவதுதான், வயல் வரம்புச் சேற்றில் ஒன்று நின்றுவிட்டது. எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. மருந்துக் கடையில் ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் விற்கிறார்கள், துளை பெரிது. கடைசியில் சைக்கிள் திருத்தும் கடையில் பழைய டியூப்பை வெட்டி நுனியில் சுற்றி, அதன்மேல் அந்த ஊன்றுகோல் ரப்பரை இறுக்கித் தந்தார்கள். காசு வாங்கவில்லை. பார்க்க யானைக்கால் மாதிரி இருக்கிறது, மாதக்கணக்காகக் கழரவில்லை.

இவருக்கும் ஆசை வந்து, இணையத்தில் விற்கும் ஒரு கடையில் 4,200 ரூபாய்க்கு இதேபோல் ஒரு சோடி எடுத்தோம். படம் ஒன்றுதான். மூன்றாவது நடையில் குளக்கட்டில் ஊன்றியபோது நடுக்குழாய் மடிந்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, பாவித்த சாமானைத் திருப்பி எடுப்பதில்லை என்று பதில். பாவிக்காமல் எப்படி மடியும் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

யார் வாங்கலாம்? முழங்கால் நல்ல நிலையில் இருக்கிற இளம் பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்துக் குன்றுகளுக்கு இது தேவையில்லை. ஐம்பது தாண்டியவர்கள், இறங்கும்போது வலிப்பவர்கள், ஆடியில் கதிர்காமத்துக்குக் காட்டுவழியே நடக்கிறவர்கள் வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது சொல்லி எடுப்பியுங்கள். ஒன்று கேட்காதீர்கள், சோடியாகக் கேளுங்கள். திருகு பூட்டு வேண்டாம், நெம்புபிடிப் பூட்டு. பொல்லுக்கு என் மதிப்பெண் நூற்றுக்கு 72. உப்புக் காற்றுக்குப் பழகாத பிள்ளை என்று இரண்டு கூட்டிப் போட்டிருக்கிறேன்.

அடுத்தது குடும்பிமலை. இவர் வரமாட்டேன் என்கிறார், கிரான் வரை பஸ்ஸில் வந்து தயிர்ச்சட்டியோடு காத்திருப்பாராம். மகன் தைப்பொங்கலுக்கு வருகிறான். ரப்பர்த் தொப்பி ஆறு கேட்டிருக்கிறேன். அவன் வந்து சேரும்வரை சைக்கிள் கடை ரப்பர்தான்.